வாத்தியார் போட்ட கட்டம்

கொல்லிமலை அடிவாரத்துல ஒரு மடம் இருந்துச்சு. சுத்துச்சுவர் உண்டு, வாசல் உண்டு. வாசலுக்குக் கதவு மட்டும் கிடையாது. வர்றவங்க வரட்டும், போறவங்க போகட்டும்னு அங்க இருந்த சாமி விட்டுட்டார்.

அரியநாயகம்னு அவருக்கு ஒரு சிஷ்யர். பள்ளிக்கூடத்துல வேதியியல் நடத்தினவர். பொண்டாட்டி காரியம் முடிஞ்ச கையோட வந்து சேர்ந்தவர், அதுக்கப்புறம் அந்த வாசலைத் தாண்டினதே இல்ல. சாமிக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயசு. அதனால சாமி அவரைப் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டார். "வாத்தியாரே"ம்பார்.

ஒரு நாள் காலையில ரெண்டு பேரும் முற்றத்துல உக்காந்து கடலை உரிச்சுக்கிட்டிருந்தாங்க. சமையக்கட்டு மாரப்பன் வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"வாத்தியாரே, உங்க பொண்ணு வந்திருக்குதுங்க. தேன்மதியாமா. உள்ள வா கண்ணுன்னா வரமாட்டேங்குது. எங்கப்பா வந்து கூப்பிட்டாத்தான் வருவேன், இல்லைன்னா அடுத்த பஸ்ஸுக்குப் போயிருவேங்குது."

வாத்தியார் நிமிரல. இன்னொரு கடலையை உடைச்சார்.

"வரலேன்னு சொல்லிடுங்க."

"நானா? நான் சொல்லி அது அழுகறதைப் பாக்கறதுக்கா? நீங்களே போய்ச் சொல்லிக்கங்க. அடுப்புல உலை கொதிக்குது."

மாரப்பன் போயிட்டார். வாத்தியார் உரிச்சுக்கிட்டே இருந்தார். பருப்பைத் தொலிக் குவியல்லயும் தொலியைக் கிண்ணத்துலயும் போட்டுக்கிட்டிருந்தார். சாமி அதைப் பார்த்தார். தன் கடலையை உரிச்சார்.

வாத்தியாருக்குத்தான் பேசாம இருக்க முடியல.

"பார்த்தீங்களா சாமி? பெத்த பொண்ணு வந்து நிக்குது, மனசு அசையவே இல்ல. நான் தங்கம் ஆயிட்டேன்னு நினைக்கிறேன். ஆயிட்டேனா இல்லையா, நீங்க சொல்லுங்க."

"எனக்குத் தங்கத்தைப் பத்தி என்ன தெரியும்? ஒரு கடுக்கன்கூடப் போட்டதில்ல. நீங்கதான் சொல்லணும்."

அது போதுமே. வாத்தியார் ஒரு குச்சியை எடுத்து மண்ணுல கட்டம் போட ஆரம்பிச்சுட்டார். கையில ஒரு குச்சியும் எதிர்ல ஒரு ஆளும் கிடைச்சா அவருக்கு உலகமே மறந்துபோகும்.

"இதுதான் தனிம அட்டவணை. எல்லா உலோகமும் இதுக்குள்ள அடக்கம். இந்த இடது ஓரம் இருக்கே, பூராவும் அவசரக்காரங்க. லித்தியத்தைத் தண்ணியில போட்டா நுரைச்சுக்கிட்டுக் கிடக்கும். அதுக்குக் கீழ சோடியம், உருண்டையா உருகி ஓடும். அதுக்கும் கீழ பொட்டாசியம், தீயே பிடிச்சுக்கும்."

"நம்ம மாரப்பன் மாதிரி. சாம்பார்ல உப்பு கம்மின்னு சொன்னாப் போதும்."

"அதேதான்."

"கீழ போகப் போக ஏன் இந்த ஆட்டம்?"

"இந்த வரிசையில எல்லாத்துக்கும் வெளிவட்டத்துல ஒத்தை எலக்ட்ரான்தான். கீழ போகப் போக அது நடுவுலேர்ந்து தள்ளித் தள்ளி நிக்கும். பிடி தளர்ந்துரும். யாராவது கிட்ட வந்தாப் போதும், கழண்டுக்கும்."

சாமி தன் மூக்குல இல்லாத கண்ணாடியை இருக்கற மாதிரி நுனிக்கு இறக்கினார். வாத்தியாரோட குரலையே எடுத்தார். "புரிஞ்சுதா? டேய் பின் பெஞ்சு, உன்னைத்தான். புரிஞ்சுதா?"

வாத்தியார் சிரிக்கல. குச்சியை வலது பக்கம் நகர்த்தினார்.

"இப்படி வர வர வேகம் அடங்கும். மெக்னீசியத்துக்குச் சுடுதண்ணி வேணும். நடுவுல இரும்பு, சாவகாசமா துருப்பிடிக்கும். இங்க பாருங்க, செம்பு, வெள்ளி, தங்கம். இந்த வரிசை அப்படியே தலைகீழ். கீழ போகப் போக அமைதி. செம்பு பச்சை பிடிக்கும். வெள்ளி கறுக்கும். தங்கம் மட்டும் பொறந்த மாதிரியே இருக்கும்." அந்தக் கட்டத்துல குச்சியை ஊனினார். "நான் இங்க இருக்கேன் சாமி."

"ரொம்ப சந்தோஷம். இந்தத் தங்கத்தை எதுல போட்டு வெப்பாங்க?"

"எதுலயும் வேண்டாம். ஆத்து மணல்ல காலம் காலமா கிடக்கும். வெயிலு, மழை, காத்து, எது பட்டாலும் அதுக்கு பயமில்ல."

"அந்த சோடியத்தை?"

"ஐயய்யோ, அதைத் திறந்து வெக்கவே கூடாது. காத்து படக்கூடாது, ஈரம் ஆகவே ஆகாது. ஒரு பாட்டில்ல மண்ணெண்ணெய் ஊத்தி, அதுல முங்க வெச்சு, இறுக்கி மூடி..."

வாத்தியார் நிறுத்திட்டார்.

சாமி ஒரு கடலையை எடுத்தார். உடைச்சார். ஊதினார். வாயில போட்டு நிதானமா மென்னார்.

"இறுக்கி மூடி?"

வாத்தியார் சுத்துச்சுவரைப் பார்த்தார். "அலமாரியில வெப்போம்."

"பாட்டிலுக்குள்ள அது எப்படி இருக்கும்?"

"அசையாம இருக்கும்."

"தங்கம் மாதிரி."

வாசப்பக்கம் யாரோ தொண்டையைச் செருமுற சத்தம் கேட்டுச்சு. அந்தச் செருமல் வாத்தியாருக்குத் தெரியும். தேன்மதி சின்ன வயசுல பாடம் ஒப்பிக்கறதுக்கு முன்னாடி அப்படித்தான் செருமுவா.

"சாமி, அவங்கம்மாவைக் கூடத்துல கிடத்தியிருந்தப்ப நான் அழல. வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கிட்டிருந்தேன். இவ வந்து என் சட்டையைப் பிடிச்சுக் கேட்டா, 'உங்களுக்குள்ள ஒண்ணுமே இல்லையாப்பா?'ன்னு."

"இருந்துச்சா?"

"இருந்துச்சு. வாயைத் திறந்தா வெடிச்சிருப்பேன். அதான் திறக்கல. இங்க வந்துட்டேன்."

தூரத்துல மலை இறங்குற பஸ் ஹாரன் அடிச்சுது. வாத்தியார் பாதி எழுந்து, அப்படியே நின்னார்.

"இப்ப போனா அவ முன்னாடி வெடிச்சுருவேனே சாமி."

சாமி அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"அதைப் பாக்கத்தான் வாத்தியாரே, அவ இவ்வளவு தூரம் வந்திருக்கா."