கல்மாவு

மலைச்சரிவு இடிந்து விழுந்த அந்த ஐப்பசி மழையில் சடையப்பருடைய சாமைக் காடு முழுவதும் போய்விட்டது. வீடும், வீட்டுக்குள் இருந்த மனைவியும் மகளும் மண்ணோடு சேர்ந்து பள்ளத்துக்குள் போனார்கள். ஒரு மாதம் தேடியும் உடல்கள் கிடைக்கவில்லை. அவருக்கு மிஞ்சியது வெறும் பாறை.

அவர் மலைமேல் இருந்த மடத்தில் சீடராகச் சேர்ந்தார். மடத்துத் தாய் நல்லம்மை அவரைவிடப் பத்து வயது இளையவர். மற்றச் சீடர்கள் கண்மூடி உட்கார்ந்தார்கள். சடையப்பர் மட்டும் விடிந்ததும் சம்மட்டியோடு இறங்கிப்போய்த் தன் பாறையை உடைத்தார். உடைத்ததை இடித்தார், இடித்ததைச் சலித்தார்.

"அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லக் கூடாதா?" என்று ஒரு சீடர் தாயிடம் கேட்டார்.

"உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார்" என்றார் தாய்.

ஓர் ஆண்டில் ஒரு பாய் அகலத்துக்கு, ஒரு சாண் உயரத்துக்குக் கல்மாவு சேர்ந்தது. மழை விழுந்ததும் சடையப்பர் அதில் சாமை விதைத்தார். முளைத்தது. பத்தாம் நாள் மஞ்சளாகிப் படுத்துவிட்டது.

அவர் போய்த் தாயை அழைத்துவந்தார்.

"இந்த மண்ணுக்கு என்ன குறை, தாயே?"

தாய் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். "இது மண் இல்லை, ஐயா. சின்னதாகிப்போன கல்."

"மாவாக இடித்திருக்கிறேனே."

"இதில் இன்னும் எதுவும் சாகவில்லை."

சடையப்பருக்குப் புரியவில்லை. தாய் அவரைப் பாறையின் ஓரத்துக்குக் கூட்டிப்போய், ஒரு வெடிப்பில் படர்ந்திருந்த பாசியை நகத்தால் சுரண்டினார். அடியில் ஒரு சிட்டிகை கறுப்புத் தூள் இருந்தது.

"இதுதான் மண். வெயில் கல்லைப் பிளந்தது, மழை கரைத்தது. பாசி வந்து ஒட்டியது, செத்தது. அதன்மேல் இன்னொரு பாசி செத்தது."

"எத்தனை காலமாக?"

"உங்கள் பாட்டனார் பிறப்பதற்கு முன்பிருந்து."

"அப்படியானால் என் ஆயுளுக்குள் என் காடு திரும்பாது."

"திரும்பாது."

சடையப்பர் அப்படியே பாறைமேல் உட்கார்ந்தார். கீழே பள்ளத்தில் சரிந்த மண் பெரிய மேடாகக் கிடந்தது. அந்தப் பக்கம் அவர் ஓர் ஆண்டாகத் திரும்பியதில்லை. இப்போது பார்த்தார்.

"அவர்கள் இரண்டு பேரும் அதற்குள்தானே இருக்கிறார்கள்?"

"ஆமாம்."

"அங்கே விதைத்தால் முளைக்குமா?"

"விதைக்காமலே முளைக்கும்."

அவர் மேட்டிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "எனக்கு அது வேண்டாம், தாயே" என்றார்.

"நீங்கள் வேண்டாம் என்றாலும் முளைக்கும், ஐயா."