தோரணம் தின்ற சாட்சிகள்

அம்மியும் ஆட்டுக்கல்லும் வீட்டுக்கு வீடு பாடிக்கொண்டிருந்த காலத்தில், பூவந்திக்கோட்டையை மகரபூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் எதன் மேலாவது ஆசை வந்துவிட்டால் பிடித்த பிடியை விடமாட்டார். ஒரு வருஷம் கிளி, ஒரு வருஷம் புல்லாங்குழல். அந்த வருஷம் ஆடு.

வேட்டையில் களைத்துத் திரும்பும் வழியில், வெள்ளச்சி என்ற விதவை கறந்து கொடுத்த ஆட்டுப்பாலைக் குடித்ததில் வந்த ஆசை அது. அவளுக்கு இருந்ததெல்லாம் கால் காணி நிலமும் நான்கு ஆடுகளும்தான். ராஜா நான்கையும் அரண்மனைக்கு ஓட்டிவரச் சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒரு பட்டுச் சேலை கொடுத்தார். பட்டுச் சேலையைக் கறக்க முடியுமா? அதை யாரிடம் போய்ச் சொல்வாள், பாவம்.

ஆடுகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரண்மனை அதிகாரி விசயரங்கருக்கு வந்தது. மந்திரி நல்லண்ணனை ராஜா பாராட்டும் போதெல்லாம் இவருக்கு வயிறு எரியும். இந்தச் சாக்கில் பெயர் வாங்கிவிட வேண்டும் என்று கொட்டகைக்குச் சலவைக்கல் பாவினார். வாசலில் தினமும் புது மாவிலைத் தோரணம் கட்டினார். வெள்ளித் தாம்பாளத்தில் அகத்திக்கீரையைக் குவித்துத் தரையில் வைத்தார். ராஜாவின் விருந்தாளி யாரானாலும் தரையில்தான் பந்தி, வெள்ளியில்தான் பரிமாறல். அரண்மனை வழக்கத்தை ஆட்டுக்காக மாற்ற முடியுமா?

ஆடுகள் இரண்டு வாய் கடித்தன. ஒன்று கீரை மேல் ஏறி நின்றது. இன்னொன்று அதிலேயே புழுக்கை போட்டது. அப்புறம் நான்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தினமும் இதே கூத்து. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது, பாலும் வற்றிப்போனது.

ராஜா சீறினார். விசயரங்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு கதை கட்டினார். வெள்ளச்சி மந்திரம் போட்டு ஆடுகளின் வாயைக் கட்டிவிட்டாளாம். அவள் நிலத்தைப் பறித்து ஊரைவிட்டே துரத்தினால்தான் கட்டு அவிழுமாம். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். அந்தக் கால் காணி தன் மாந்தோப்பை ஒட்டியிருக்கிறது என்பதை மட்டும் மனுஷர் சொல்லவில்லை.

மறுநாள் விசாரணை என்று ராஜா அறிவித்தார். அன்று மாலை நல்லண்ணன் கொட்டகைப் பக்கம் போனார். யாரோ தினமும் தோரணத்தைத் திருடுவதாகவும், அதற்குத் தான் திட்டு வாங்குவதாகவும் காவலன் புலம்பினான். நல்லண்ணன் அண்ணாந்து பார்த்தார். கயிற்றில் மாவிலைக் காம்புகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தன. நிலைக்காலில் குளம்பு பதிந்த சேறு. அவர் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போய்விட்டார்.

சபை கூடியது. வெள்ளச்சி கும்பிட்டபடி நின்றாள்.

“நான் என்னத்தக் கட்டுனேன் மகாராசா? எங்கிட்ட இருந்தப்ப வேலித் தழையத் தின்னுட்டே கொழுகொழுன்னு இருந்துச்சுங்க. ஆடும் போச்சு. நெலத்தையும் புடுங்கிட்டா நான் எங்க போவேன்?”

நல்லண்ணன் எழுந்தார். “பிரபு, வாயைக் கட்டியது யார் என்று ஆடுகளுக்குத் தெரியாதா? அவற்றையே சாட்சிக்கு அழைப்போம். குற்றவாளியைக் கண்டால் அவை சும்மா விடமாட்டா. ஆனால் அதிகாரி இத்தனை நாள் அவற்றைப் பராமரித்தவர். மாலை மரியாதை இல்லாமல் அவரை நிறுத்தலாமா?”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். சரி என்றார். வில்வமும் மருக்கொழுந்துமாய் ஒரு மாலை வந்தது. இது போதாது, பெரியதாக வேண்டும் என்று விசயரங்கரே கேட்டு, முழங்கால் வரை தொங்கும் மாலையைப் போட்டுக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

ஆடுகளை அவிழ்த்துவிட்டார்கள். வெள்ளச்சியைப் பார்த்து நான்கும் ஒரு தரம் கத்தின. அடுத்து மாலையைப் பார்த்தன. அவ்வளவுதான். இரண்டு ஆடுகள் அதிகாரியின் தொந்தியில் முன்னங்கால்களை ஊன்றி ஏறின. மற்ற இரண்டும் கீழே தொங்கியதைப் பிடித்து இழுத்தன. சபை விழுந்து விழுந்து சிரித்தது.

“அப்படியானால் வாயைக் கட்டியது நீர்தானா?” என்றார் ராஜா.

“ஐயோ, நான் இல்லை பிரபு. இதுகள் மாலையைத் தின்கின்றன!”

“கேட்டீர்களா பிரபு?” என்றார் நல்லண்ணன். “வாய் கட்டிய ஆடு தின்னுமா? அதிகாரியே சாட்சி சொல்லிவிட்டார்.”

விசயரங்கர் வாயைத் திறந்தார். இப்போது அவர் வாயைத்தான் யாரோ கட்டியது போலிருந்தது.

நல்லண்ணன் விளக்கினார். ஆடு தலைக்கு மேலே தொங்கும் தழையை எட்டித் தின்கிற பிராணி. காலில் மிதிபட்டதை, புழுக்கை பட்டதை, பட்டினி கிடந்தாலும் தொடாது. “நம் இலையில் ஒருவன் ஏறி நின்றால் நாம் சாப்பிடுவோமா? தோரணத் திருடர்களும் இந்த நால்வர்தான் பிரபு. வெள்ளித் தாம்பாளத்துக்குப் பதில் ஒரு கயிறு கட்டியிருந்தால் போதும்.”

ராஜா சிரித்தார். வெள்ளச்சியின் அழுத முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “என் ஆசையால் ஒரு பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேன். ஆடுகளை ஓட்டிக்கொண்டு போ அம்மா. உன் நிலத்தை இனி யாரும் தொடமாட்டார்கள்” என்றார். அவள் பக்கத்து ஆட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள்.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியை அழைத்தார். நல்லண்ணன் ஆடுகள் வாசல் தாண்டும்வரை பொறுத்திருந்துதான் கழுத்தை நீட்டினார்.

விசயரங்கருக்குத் தண்டனை? ஆடுகள் பழையபடி கொழுக்கும்வரை, தன் மாந்தோப்பு வேலியில் தன் கையாலேயே தழை ஒடித்துக் கொண்டுபோய், வெள்ளச்சி வீட்டுக் கயிற்றில் கட்டித் தொங்கவிட வேண்டும். அவரும் தினமும் தழைக்கட்டோடு போய் நின்றார். ஆனால் அவர் என்ன கொண்டுவந்தாலும், ஆடுகள் முதலில் அவர் கழுத்தைத்தான் பார்க்குமாம்.