அம்மா கெடுத்த படங்கள்

கொரோனாவுக்காகக் கல்லூரியைப் பூட்டியவர்கள் காமிராக்களையும் உள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டார்கள். போட்டோகிராபி படிக்கும் பிருந்தா, கையில் போன் மட்டும் மிச்சமாக, மதுரை வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

எஸ்தர் மேடம் சென்னையில் இருந்துகொண்டு போனில் பாடம் நடத்தினார்.

"வெளியே போக முடியாதுன்னா என்ன? வீட்டை எடு. வீட்ல இருக்கிறவங்களை எடு."

சொல்வதற்கு என்ன, சொல்லிவிடலாம். அந்த வீட்டு மனிதர்களைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். போனைத் தூக்கினால் போதும், அப்பா லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ரேஷன் கார்டு போட்டோவுக்கு நிற்பவர் மாதிரி விறைத்துக்கொள்வார். தம்பி போர்வைக்குள் தலையை இழுத்துக்கொள்வான். அம்மா இருக்கிறாளே, அவள் "இருடி, சேலை மாத்திட்டு வந்துர்றேன்" என்று உள்ளே ஓடினால் திரும்பி வருவதற்குள் வெளிச்சம் போய்விடும். வரும்போது முகமெல்லாம் பவுடர்.

"இயல்பா இருங்கன்னா ஒருத்தராவது கேக்குறீங்களா?" என்று பிருந்தா கத்துவாள்.

"நீ அதைத் தூக்குற வரைக்கும் இயல்பாத்தானம்மா இருந்தோம்" என்பார் அப்பா.

மேடம் அதற்கு மேல். அனுப்பிய படங்களையெல்லாம் பார்த்துவிட்டு, "எல்லாம் அழகா இருக்கு. ஒருத்தரும் உயிரோட இல்லை. வேற எடு" என்று முடித்துக்கொள்வார். பிருந்தாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். வீட்டில் இருப்பவர்களை விட்டுவிட்டு உயிருள்ளவர்களுக்கு அவள் எங்கே போவாள்?

அப்படி இருக்கும்போதுதான் ஒருநாள் காலையில் கோயம்புத்தூரிலிருந்து போன் வந்தது. அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மயானத்துக்குக் கொண்டுபோகிறார்களாம். யாரும் கிளம்ப வேண்டாம், கிளம்பினாலும் முகம் பார்க்க விடமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா விவரம் கேட்க வாசலுக்குப் போனார். அம்மா அடுப்பை அணைத்தாள். அணைத்துவிட்டு அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜன்னல் வெளிச்சம் அவள் பாதி முகத்தில் விழுந்தது. பவுடர் இல்லை. சேலை மாற்ற ஓடவும் இல்லை.

பிருந்தா சமையலறை வாசற்படியில் நின்று எடுத்தாள். விடாமல் எடுத்தாள்.

அன்றிலிருந்து அம்மா அவளோடு பேசுவதில்லை. தட்டு வைப்பாள், சோறு போடுவாள், போய்விடுவாள். அம்மா பேசாத வீட்டில் எத்தனை நாள்தான் இருக்க முடியும்? பிருந்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் கோபம். உண்மையான படம் வேண்டுமென்றால் உண்மையான நேரத்தில்தானே எடுக்க வேண்டும்?

பொறுக்க முடியாமல், மொட்டைமாடிக்குப் போய், அன்று முதலில் எடுத்த படத்தை மேடத்துக்கு அனுப்பினாள். உடனே மேடமே கூப்பிட்டார்.

"இது படம்" என்றார்.

இத்தனை மாதத்தில் முதல் பாராட்டு. பிருந்தாவுக்குச் சந்தோஷப்படத்தான் முடியவில்லை.

"மேடம், ஒண்ணு கேக்கணும். அம்மா என்கூடப் பேச மாட்டேங்கிறாங்க. நான் இதை எடுத்தது தப்பா?"

"இதுக்கு அப்புறம் எடுத்தது எங்கே?" என்றார் மேடம்.

"அதெல்லாம் கெட்டுப்போச்சு மேடம். எடுக்காதேன்னு அம்மா கையைக் குறுக்கே நீட்டிட்டாங்க. முகமே சரியா விழலை. அழிச்சிட்டேன்."

"அழிச்சது போன்லயே ஒரு மூலையில கிடக்கும். எடு."

"வேஸ்ட் மேடம், எல்லாம் மங்கலா..."

"எடும்மா!" மேடத்தின் குரல் ஏறியது. "உன்னோட எவ்வளவுதான் மல்லுக்கட்டுறது?"

பிருந்தா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, அழித்த படங்களை மீட்டாள்.

"எடுத்துட்டேன்."

"முதல்ல உன் கையை நீட்டு. யாரோ உன்னைப் படம் எடுக்க வர்றாங்க, நீ தடுக்கிறே. அந்த மாதிரி."

இதென்ன கூத்து என்று நினைத்துக்கொண்டே பிருந்தா கையை நீட்டினாள்.

"விரல் எங்கே இருக்கு?"

"மேலே."

"உள்ளங்கை?"

"எதிர்ல இருக்கிறவங்களைப் பார்த்து."

"இப்போ அம்மா கையைப் பாரு."

பிருந்தா பார்த்தாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அன்று வெளிச்சத்தைப் பார்த்திருந்தாள், முகத்தைப் பார்த்திருந்தாள். கையை மட்டும் பார்க்கவே இல்லை.

"சொல்லு."

"உள்ளங்கை... மேலே பார்த்து இருக்கு, மேடம்."

"அடுத்தது?"

"அப்படியேதான் இருக்கு. என்னைப் பார்க்குறாங்க."

"அதுக்கு அடுத்தது?"

"அதுலயும் கை இறங்கலை."

"கடைசிப் படம்?"

பிருந்தா கடைசிப் படத்துக்குத் தள்ளினாள்.

"தரையில கையை ஊன்றி, அவங்களே எந்திரிக்கிறாங்க."

பிருந்தா அழுது முடிக்கும்வரை மேடம் காத்திருந்தார்.

"நான் போய் என்ன மேடம் சொல்லட்டும்?"

"ஒண்ணும் சொல்லாதே. அம்மா எங்கே?"

"கீழே, சமையலறையில. நான் மொட்டைமாடியில இருக்கேன்."

"போனை அங்கேயே கைப்பிடிச் சுவர் மேலே வச்சிட்டுப் போ. நான் லைன்லயே இருக்கேன்."