கழுத்தில் மாட்டிய அட்டை

ஒடிசாவிலிருந்து திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்குத் தைக்க வந்த பெண்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தார் புலவர் நஞ்சப்பன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் தமிழ் நடத்தி ஓய்வு பெற்றவர். ஆனால் வேற்று மொழிக்காரர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வித்தையை, ஒடியா தெரிந்த வகுப்புப் பொறுப்பாளர் வளர்மதியிடம்தான் கற்றுக்கொண்டிருந்தார். வளர்மதிக்கு முப்பத்திரண்டு வயது. அதனால் என்ன, வித்தை வயசு பார்த்தா வருகிறது?

அன்று புலவர் வருகைப் பதிவேட்டோடு அவள் அறைக்கு வந்தார். முகம் கடுகடுவென்று இருந்தது. பின்னாலேயே ஜரணா என்ற பெண். அவள் கழுத்தில் ஓர் அட்டை தொங்கியது: ‘தமிழில் பேசு.’ வகுப்பில் ஒடியா பேசினால் மறுபடி தமிழில் பேசும்வரை தினமும் அதை மாட்டிக்கொள்ள வேண்டும். புலவர் போட்ட சட்டம்.

“என்னால முடியல அம்மணி! இவ பேரை அடிச்சிடறேன். கையெழுத்துப் போடுங்க.”

“அடுத்த மாசம் தேர்வுங்களே ஐயா. தேறினாத்தானுங்க அவளுக்கு சூப்பர்வைசர் வேலை.”

“தேறவா? நாலு மாசமா என் தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. அன்னைக்கு ஒரு நாள் பக்கத்துப் பிள்ளைகிட்ட ஒடியாவுல ஏதோ கேட்டா, அட்டையை மாட்டினேன். அதோட சரி. வாயைத் தொறந்தாத்தானே!”

வளர்மதி எழுந்தாள். ஜரணாவின் அட்டையைக் கழற்றினாள். பின்பக்கம் ‘ஒடியாவில் பேசு’ என்று எழுதிப் புலவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

“இதே புகாரை ஒடியாவுல சொல்லுங்க ஐயா. கையெழுத்துப் போடறேன்.”

நாலு மாதத்தில் புலவர் காதில் விழுந்திருந்தது நாலே நாலு வார்த்தை. மென்றார், முழுங்கினார்.

“ஜரணா... பலா... நுஹே.”

ஜரணா சட்டென்று நிமிர்ந்தாள். கண் கலங்கிவிட்டது.

“நான் என்ன சொல்லிட்டேன்?”

“ஜரணா நல்லவ இல்லைன்னு சொன்னீங்க” என்றாள் வளர்மதி.

“அடக் கடவுளே!” புலவர் தன் கழுத்து அட்டையைக் கழற்றிக் கையில் எடுத்தார். “அப்படியா சொல்ல வந்தேன்? தங்கமான புள்ள அம்மணி! கெட்டிக்காரி. எங்கியோ ஒரு இடத்துல முட்டிக்கிட்டு நிக்கறா. எந்த இடம்னு தெரிஞ்சா நான் சொல்லிக்குடுக்க மாட்டேனா?”

“அவளைக் கேட்டீங்களா?”

“எப்படிக் கேக்கறது? கேட்டாத்தான் என்ன, அவளுக்குத் தமிழ் வராதே!”

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

ஜரணா அவர் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். இரண்டடி முன்னால் வந்து, மாட்டுவதற்கு வாகாகத் தலை குனிந்து நின்றாள்.

அட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் புலவர் வளர்மதியைப் பார்த்தார்.

“என்னை ஏனுங்க பாக்கறீங்க?” என்றாள் வளர்மதி. “உங்களுக்கு உங்க மொழியில சொல்ல வேண்டியது இருந்துச்சு, கழட்டிட்டீங்க. அவளுக்கும் நாலு மாசமா இருக்குதுங்க.”