சுனையோலையின் நாலாவது வரி

முன்னொரு காலத்திலே, மேகங்களே பாதி ஏறிவிட்டு உட்கார்ந்து மூச்சு வாங்குகிற உயரத்தில் ஒரு மலை இருந்தது. அதன் அடியில் குளிர்சுனை நாடு. சின்னவங்களும் கேளுங்க, அவங்களை மடியில் வைத்திருக்கிற பெரியவங்களும் கேளுங்க.

மலைச்சரிவில் ஊறும் அந்தக் குளிர்சுனைத் தண்ணீரை ஒரு வாய் குடித்தால் போதும், எந்தக் காய்ச்சலும் ஓடிவிடும். ஆனால் சுனையின் மேல் ஒரு யாளி காலை வைத்து உட்கார்ந்திருந்தது. ஒரு மந்திரவாதி அதைக் கல்லாக்கி, "அரசாங்க ஓலை என்ன சொல்கிறதோ அதை மட்டும் செய்" என்று கட்டிப்போட்டிருந்தான். யாளி பேசும், அழக்கூட அழும். ஓலையை மட்டும் மீற முடியாது.

அரண்மனை மைதானத்தில் பொங்கல் கிண்டுகிறவள் மருதாயி. அவளுடைய எட்டு மாதக் குழந்தை முத்துநகைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். அன்று காலையில் பால் குடிக்கவில்லை. கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. மருதாயி தூக்கிக்கொண்டு சுனைக்கு ஓடினாள்.

"யாளி அண்ணா, காலை எடுங்க!"

"குழந்தை தன் காலால் நடந்து வந்தாளா?"

"எட்டு மாசம் அண்ணா. இன்னும் தவழவே ஆரம்பிக்கல."

"தன் பேரைத் தன் வாயால் சொல்வாளா?"

"'ங்கா'ன்னு சொல்லுவா."

"தன் கையால் அள்ளிக் குடிப்பாளா?"

மருதாயி குழந்தையின் மூடிய விரல்களைப் பிரித்துக் காட்டினாள்.

"அப்படின்னா என் கால் நகராதும்மா" என்றது யாளி. அதன் கல் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

"எந்தப் பாவி இப்படி எழுதினது?"

"பாவின்னு யாருமில்லை. 'காய்ச்சல்காரர் எல்லோருக்கும்' என்றுதான் ராஜா ஆரம்பித்தார். பணக்காரர்கள் ஆள் அனுப்பி அள்ளிக்கொள்வார்கள் என்று சேனாபதி, 'நடந்து வருகிறவருக்கே' என்றார். அயல்நாட்டார் நுழைந்துவிடுவார்கள் என்று எல்லை அமைச்சர், 'பேர் சொல்கிறவருக்கே' என்றார். குடம் குடமாகப் போய்விடும் என்று களஞ்சிய அமைச்சர், 'கையால் குடிக்கிறவருக்கே' என்றார். 'உங்க வரியை நான் ஒத்துக்கிறேன், என் வரியை நீங்க ஒத்துக்கோங்க' என்று மூவரும் தங்களுக்குள் பேசி முடித்தார்கள். அவ்வளவுதான், ஓலை முடிந்தது. குழந்தைகள் வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை. ஊரும் சரியென்றது. நீயும்தானே?"

மருதாயிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆமாம், அவளும்தான்! அந்த நாட்டில் ஓலையை மைதானத்தில் படித்துவிட்டு "ஆகட்டுமா?" என்று மூன்று தரம் கேட்பார்கள். மூன்றாவது "ஆகட்டும்" விழுந்ததும் எல்லோருக்கும் சர்க்கரைப் பொங்கல். அதனால் ஓலையில் யாருக்குக் காது? போன வருஷம் பொங்கல் அடிப்பிடிக்கிறதே என்ற அவசரத்தில், மருதாயிதான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள்.

"சுனையோலையைப் புதுப்பிக்கிற நாள் இன்றைக்குத்தான்" என்றது யாளி. "விட்டால் அடுத்த வருஷம். ஊர் ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேட்டுச் சம்மதித்தால் என் கட்டும் அவிழும். ஓடும்மா!"

ஓடினாள். மைதானத்தில் ஓலை படித்தாகிவிட்டது.

"ஆகட்டுமா?"

"ஆகட்டும்!"

"ஆகட்டுமா?"

"ஆகட்டும்!"

"ஆகட்டு—"

"கூடாது!"

மைதானமே திரும்பிப் பார்த்தது. ராஜா முன்னால் அவள் நிமிர்ந்து நின்றதுகூட இல்லை.

"ஏ மருதாயி, பொங்கல் தீயுது, உனக்கு என்ன கேடு?" என்றாள் பூக்காரி சொக்கி.

"பொங்கல் தீயட்டும் அக்கா. என் பிள்ளை தீயுறா."

ராஜா கோமாறன் இறங்கி வந்து குழந்தையின் நெற்றியைத் தொட்டார். கையை வெடுக்கென்று எடுத்தார். "அமைச்சர்களே, வரிகளை எடுத்துவிடலாமா?"

"அவர் எடுத்தால் நானும் எடுக்கிறேன்" என்றார் சேனாபதி.

"முதலில் அவர் எடுக்கட்டும்" என்றார் எல்லை அமைச்சர்.

"நான் மட்டும் இளிச்சவாயனா?" என்றார் களஞ்சிய அமைச்சர்.

இவர்கள் முடிப்பதற்குள் பிள்ளை போய்விடும் என்று மருதாயிக்குப் புரிந்தது. தோளில் கிடந்தவளை இறுக்கிக்கொண்டாள். நடக்கத் தெரியாதவள் இவ்வளவு தூரம் எப்படி வந்தாள்? நான்தானே இவளுக்குக் கால்?

"யார் வரியையும் எடுக்க வேண்டாம் சாமி. கீழே ஒரு வரி சேருங்க. இந்த மூன்றில் எது தன்னால் முடியாவிட்டாலும், அந்தக் காய்ச்சல்காரரை யார் தூக்கியோ கூட்டியோ வருகிறாரோ, அவர் அந்த இடத்திலேயே அவருக்காகச் செய்யலாம். காய்ச்சல்காரர் நேரில் வரணும், அதனால் பணக்காரர் வெறும் ஆளை அனுப்ப முடியாது. பேரும் சொல்லியாகணும். குடமும் கிடையாது."

"தாயி, படுத்த படுக்கையாக் கிடக்கிற எங்கப்பாவும் இதில் வருவாரா?" என்று குயவர் வேலப்பன் கேட்டார்.

"வாய் பேசாத என் தம்பி?" இது சொக்கி.

கேள்வி மேல் கேள்வி கிளம்பியது. எல்லோரும் ஓலையை மறுபடி படிக்கச் சொன்னார்கள். அமைச்சர்கள் கூட்டத்தைப் பார்த்தார்கள். கூட்டம் எந்தப் பக்கம் என்பதையும் பார்த்தார்கள்.

"போன வருஷமே நான் இதை நினைத்தேன்" என்றார் சேனாபதி.

"நீர் நினைத்தீர், நான் சொல்லவே சொன்னேன்" என்றார் எல்லை அமைச்சர்.

"எழுதச் சொன்னதே நான்தானே!" என்றார் களஞ்சிய அமைச்சர்.

யார் பேரில் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று மருதாயி வாயை மூடிக்கொண்டாள். நாலாவது வரி ஏறியது. ஓலை முழுசாகப் படிக்கப்பட்டது. இந்தத் தரம் ஊர் காது கொடுத்துக் கேட்டது, யோசித்தது, மூன்று தரம் "ஆகட்டும்" என்றது.

மலைமேல் படீரென்று ஒரு சத்தம்! கல் தோல் உரிந்து, பொன்னிறப் பிடரியும் சுருட்டை மீசையுமாக யாளி எழுந்து உடம்பை உதறியது. மருதாயி போய்ச் சேர்ந்தபோது சுனை திறந்து கிடந்தது. "இவள் பேர் முத்துநகை" என்று சொல்லி, உள்ளங்கையில் தண்ணீர் எடுத்து உதட்டில் விட்டாள். ஒரு சொட்டு. இரண்டு சொட்டு. மூன்றாவது சொட்டில் குழந்தை உதட்டைச் சப்பிற்று. கண் திறந்தது. எதிரே இவ்வளவு பெரிய மீசையைப் பார்த்ததும் எட்டிப் பிடித்து ஒரே இழுப்பு!

"ஐயோ, விடச் சொல்லும்மா, வலிக்குது!" என்று யாளி கத்தியது. மூன்று நாளுக்குப் பிறகு மருதாயி சிரித்தாள்.

சுனையைக் காக்கும் பொறுப்பை ராஜா அவளுக்கே கொடுத்தார். யாளி தன் இஷ்டத்துக்கு அங்கேயே தங்கியது. அவர்களும் சுகம், கேட்ட நாமும் சுகம்.