கம்பளத்தில் விழுந்த மீன்

"அதைப் பிடுங்கி எறியணும் டீச்சர். எப்படிப் பிடுங்குறதுன்னு மட்டும் சொல்லுங்க."

தங்கப்பழம் அண்ணாச்சி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஜெசிந்தா டீச்சர் வீட்டுக் கூடத்தில், அந்தப் பெரிய கடல்மீன் தொட்டிக்கு முன்னால் வந்து நின்ற பிறகுதான் மூச்சு விட்டார்.

தூத்துக்குடியில் வீட்டில் கடல்மீன் வளர்க்கிறவர்களுக்கெல்லாம் ஜெசிந்தாதான் டீச்சர். அண்ணாச்சியைவிட வயதில் சின்னவர். ஆனாலும் அவரிடம் யாரும் குரலை உயர்த்திப் பேசியதில்லை, அண்ணாச்சியைத் தவிர. அண்ணாச்சிக்கு இரும்புக்கடை. அங்கே கத்தினால்தான் காதில் விழும். வீட்டிலும் அதே பழக்கம். அவருக்குக் கோபம் அதிகம் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. எவன் சொல்லுவான்?

அவர் பிடுங்கி எறியத் துடித்தது, தன் வீட்டுத் தொட்டியில் கிடந்த ஒரு கார்பெட் அனிமோனை.

பார்க்கப் பூ மாதிரி இருக்கும். ஆனால் அது உயிர்ப்பிராணி. மணலுக்குள் பாதத்தை ஊன்றிக்கொண்டு, கம்பளம் விரித்த மாதிரி படுத்துக் கிடக்கும். கோமாளி மீன்கள் அதன்மேல் புரண்டு விளையாடும். வேறு மீன் பட்டால் ஒட்டிக்கொள்ளும், விடாது.

அண்ணாச்சியின் மகள் பொன்மலர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியது அது. அவள் செல்லமாக வளர்த்த ஃபயர் ஃபிஷ் என்ற சின்ன மீனைத்தான் அது தின்றுவிட்டது.

"அன்னையிலருந்து பிள்ளை ரூமை விட்டு வரல டீச்சர். என் முகத்தைப் பாக்க மாட்டேங்கா. இந்தச் சனியனைத் தூக்கி எறிஞ்சாதான் அவ சமாதானமாவா."

"நான் சொன்னதெல்லாம் செஞ்சியளா?"

இந்தக் கேள்வி அவருக்குக் கோபத்தை இன்னும் ஏற்றிவிட்டது. செய்தாராம். பெரிய தொட்டி. நடுவில் மணல், சுற்றிலும் கல் வேலி. அது நகர்ந்துபோய் மோட்டாரில் சிக்கிவிடாதபடி மோட்டார் வாய்க்கு ஸ்பாஞ்சு. பெரிய விளக்கை அணைத்ததும் மீன்கள் இருட்டில் தடுமாறாதபடி ஒரு சின்ன நீல விளக்கு. தரையோடு ஊரும் மீன் ஒன்றுகூட வாங்கவில்லை. அனிமோனுக்குப் பசிக்காதபடி இறால் துண்டு. ஒவ்வொரு விரலாக மடக்கி மடக்கிச் சொன்னார். ஒவ்வொரு விரலுக்கும் சத்தம் கூடியது.

"இவ்வளவும் செஞ்சவன் வீட்டு மீனையே திங்குதுன்னா, அது என்ன ஜென்மம்?"

டீச்சருக்கும் கோபம் வரும். வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும்.

"விரட்டிப் பிடிச்சுதா?"

"அது எங்க விரட்டும்? கெடந்த இடத்துலதான் கெடந்துச்சு."

"அப்ப மீன் எப்படி அதுக்கிட்ட போச்சு?"

"தானாப் போய் விழுந்துச்சு. கண்ணால பாத்தேன்."

"நல்ல வெளிச்சத்துல, வேலியைத் தாண்டி, தானாப் போய் விழுந்துச்சாக்கும்."

"ஆமா."

"அந்த நேரம் வீட்டுல என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. பேசிக்கிட்டிருந்தோம்."

என்ன பேச்சு என்று டீச்சர் விடாமல் கேட்டார். மகள் மீன்வளம் படிக்கப்போகிறேன் என்றாளாம். கடைக்கு உதவுகிற மாதிரி ஏதாவது படி என்று இவர் சொன்னாராம். அவ்வளவுதானாம்.

"சத்தம் போட்டியளா?"

"நான் எங்க சத்தம் போட்டேன்?" என்று கத்திக்கொண்டே அண்ணாச்சி பக்கத்திலிருந்த தொட்டிக் கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தார்.

தொட்டி அதிர்ந்தது.

மீன்கள் சிதறின. திசை தெரியாமல் பாய்ந்த ஒரு ஃபயர் ஃபிஷ் கல்லில் மோதித் திரும்பி, வேலியைத் தாண்டி, நேராக டீச்சருடைய அனிமோனை நோக்கிப் போனது. வால் பட்டதும் கம்பளத்தின் ஓரம் மடங்கியது. மீன் துடித்தது. உதறியது. வாலில் ஒரு துணுக்கை அங்கேயே விட்டுவிட்டுக் கல் இடுக்குக்குள் பாய்ந்தது.

கோமாளி மீன்கள் இரண்டும் கம்பளத்துக்குள் புதைந்துகொண்டன. அதன் பிறகு தொட்டியில் ஒரு மீனும் கண்ணில் படவில்லை. வெறும் தண்ணீர்.

டீச்சர் அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்தார். வலிக்கிற பிடி.

"கையை எடுங்க."

எடுத்தார்.

"இன்னொரு தடவை இந்த வீட்டுல கை ஓங்குனா, வாசப்படி மிதிக்கக் கூடாது."

குஞ்சாக இருந்ததிலிருந்து டீச்சர் வளர்த்த மீன் அது.

இப்படி ஒரு பேச்சை அண்ணாச்சி யாரிடமிருந்தும் கேட்டதில்லை. வேறு நாளாக இருந்தால் அந்தக் கூடம் இரண்டுபட்டிருக்கும். இப்போது அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கும் இப்படித்தான் தொட்டியில ஒரு அடி அடிச்சேன்" என்றார்.

டீச்சர் மணிக்கட்டை விட்டார்.

"அது ரெண்டாவது அடி."

"மொத அடி?"



"பிள்ளை கன்னத்துல."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது. பயமாக இருந்தது. யாரைக் கண்டும் பயந்திராத மனுஷன், தன் கையைக் கண்டு பயந்தார்.

குனிந்து கல் இடுக்குக்குள் பார்த்தார். மீன் தெரியவில்லை. அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. நின்றார். காத்திருந்தார். கூப்பிட்டால் வருகிற ஜீவனா அது?

"எப்ப டீச்சர் வெளியே வரும்?"

இந்த முறை குரல் மெதுவாகத்தான் வந்தது.

டீச்சர் ஒரு துணியை எடுத்தார். கண்ணாடியில் பதிந்திருந்த ஐந்து விரல் அடையாளத்தை அழுத்தித் துடைத்தார்.

"நீங்க போன பொறவு."