சீட்டில் எழுதாத வரி

பூக்கட்டிப் பிழைக்கும் வெள்ளையம்மாளின் வலது கட்டைவிரல் வீங்கிக் கறுத்திருந்தது. மாசிலாமணி வைத்தியர் இரண்டு வாரம் மருந்து போட்டுப் பார்த்தார்.

"விரலை எடுக்கணும்மா. விட்டா கைக்கு ஏறிடும்" என்றார்.

அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இல்லாமல் எப்படிப் பூத்தொடுப்பது?

"கோவிச்சுக்காதீங்க ஐயா. ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற வைத்தியர்கிட்டயும் ஒரு தடவை காட்டிட்டு வரட்டுமா?"

"தாராளமா. பத்து நாள் தாங்கும். அதுக்கு மேல தள்ளாதீங்க."

சீடர் சாரங்கனுக்குத்தான் சுருக்கென்று கோபம் வந்தது. வைத்தியருக்கே வராத கோபம் இவருக்கு எதற்கு என்று கேட்கக்கூடாது. சீடர்கள் அப்படித்தான்.

அங்கே காட்டுவதற்கு வைத்தியர் ஒரு சீட்டு எழுதினார். வீக்கம் எப்போது தொடங்கியது, என்ன மருந்து கொடுத்தார், காய்ச்சல் எத்தனை நாள் இருந்தது, எல்லாம் அதில் இருந்தது. உறையில் போடச் சொல்லிச் சாரங்கனிடம் நீட்டினார்.

சாரங்கன் படித்துப் பார்த்தார். விரலை எடுப்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐயா மறந்துவிட்டார் என்று நினைத்தார். குருவின் மறதியைத் திருத்தும் வாய்ப்பை எந்தச் சீடர் விடுவார்? கடைசியில் ஒரு வரி சேர்த்து உறையை ஒட்டினார்: "விரலை எடுப்பதே வழி என்பது எங்கள் ஐயாவின் முடிவு."

நான்காம் நாள் வெள்ளையம்மாள் வந்தாள். அழுது கண் சிவந்திருந்தது.

"எடுத்துடுங்க ஐயா" என்று கையை நீட்டினாள்.

அவள் கொண்டுவந்த சீட்டின் பின்பக்கம் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வைத்தியர் எழுதியிருந்தார்: "மாசிலாமணி ஐயா முடிவு செய்தபின் நான் சொல்ல என்ன இருக்கிறது? எடுத்துவிடலாம்."

மாசிலாமணி வைத்தியர் சீட்டைத் திருப்பினார். "இந்த வரி யார் எழுதினது?"

"நான்தான் ஐயா. நீங்க மறந்துட்டீங்கன்னு..."

"மறக்கலை."

பிறகு அவளிடம் கேட்டார். "அவர் விரலைத் தொட்டுப் பார்த்தாராம்மா?"

"இல்லீங்க. சீட்டைப் படிச்சாரு. உங்க பேரைச் சொல்லிக் கும்பிட்டாரு. எழுதிக் கொடுத்துட்டாரு."

வைத்தியர் புதிதாக ஒரு சீட்டு எழுதினார். இந்த முறை உறையை அவரே ஒட்டினார்.

"டவுன் ஆஸ்பத்திரியில காட்டிட்டு வாங்க. இன்னும் ஆறு நாள் இருக்கு."

அவள் போன பிறகும் சாரங்கனுக்குப் புரியவில்லை.

"ரெண்டு வைத்தியர் ஒரே மாதிரி சொன்ன பிறகும் இன்னொருத்தர் எதுக்கு ஐயா?"

"ரெண்டு பேர் எங்கே இருக்காங்க? அந்த அம்மாவுக்கு இன்னும் ஒருத்தர்தான் வைத்தியம் பார்த்திருக்காரு."